கிண்டிலா, போனா? கோப்பின் வகையைப் பார்த்து முடிவெடுங்கள்

கிண்டில் மாதிரி மின்னூல் ரீடர் வாங்குவதா, கையிலிருக்கும் போனே போதுமா என்று யோசிக்கிறீர்களா? நீங்கள் படிப்பது ஈபப்பா, பிடிஎஃப்பா என்று முதலில் பாருங்கள். ஈபப்பில் வரிகள் திரைக்கேற்ப மாறி அமையும், பிடிஎஃப்பில் பக்கம் அச்சிட்டபடியே நிற்கும். கண் எரிச்சல், பேட்டரி எல்லாம் அப்புறம்தான். பெங்களூரில் அல்சூர் தமிழ்ச் சங்க நூலகத்தை விட்டால் நம்மில் பலருக்கு இறக்கிக்கொள்ளும் கோப்புகள்தான் கதி.

ரீடரின் 6 அங்குலத் திரையின் அகலம் சுமார் 9 செ.மீ. பிடிஎஃப்பின் ஏ4 பக்கமோ 21 செ.மீ. அதை அப்படியே திறந்தால் 12 புள்ளி எழுத்து 5 புள்ளியாகச் சுருங்கும். பெரிதாக்கி நகர்த்தினால் ரீடரின் மின்மைத் (இ-இங்க்) திரை ஒவ்வொரு முறையும் தன்னை மறுபடி வரைந்துகொள்வதால் தாமதமாகும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் ஸ்கேன் நூல்களா? போனைப் படுக்கையாகத் திருப்பிப் படியுங்கள், இல்லையென்றால் டேப்லெட். இதற்காக ரீடர் வாங்குவது வீண்செலவு.

நாவல், கட்டுரை என்று ஈபப்பில் படிப்பவருக்கு ரீடர்தான். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் ஈபப்போடு 6 அங்குலப் பிடிஎஃப்பும் கிடைக்கும். ஈபப்பையே எடுங்கள், எழுத்தின் அளவை மாற்றிக்கொள்ளலாம்.

பிடிஎஃப்பை காலிபர் என்ற கணினி மென்பொருளில் ஈபப்பாக மாற்றிவிடலாம் என்று நினைத்தால், முதலில் ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்துகளாக வந்தால் அது பாமினி மாதிரியான பழைய எழுத்துருக் கோப்பு. நேரடியாக மாற்றினாலும் அதே குப்பைதான் வரும். தமிழாகவே வந்தாலும் கொம்பைக் கவனியுங்கள்: ‘கொடை’யில் கொம்பும் காலும் பிரிந்து கிடந்தால் மாற்றிய நூலும் அப்படித்தான் இருக்கும்.

கிண்டிலுக்கு ஈபப்பை யுஎஸ்பி வழியாகப் போட்டால் திறக்காது. ஒன்று, காலிபரில் கிண்டிலின் கோப்பு வடிவமான ஏஇசட்டபிள்யூ3 (AZW3) ஆக மாற்றுங்கள். அல்லது உங்கள் கிண்டிலுக்கென்று அமேசான் தரும் சென்ட்-டு-கிண்டில் முகவரிக்கு மெயில் செய்யுங்கள். 2022 முதல் ஈபப்பை அது ஏற்கிறது. மெயில் போயும் நூல் வரவில்லையா? அமேசான் கணக்கின் பெர்சனல் டாக்குமென்ட் செட்டிங்ஸில் உங்கள் மெயில் முகவரியை அனுமதிப் பட்டியலில் சேர்த்திருக்க மாட்டீர்கள். எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அந்த எழுத்துருவில் தமிழ் இல்லை. நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவை இறக்கி, யுஎஸ்பியில் இணைத்து, ‘ஃபான்ட்ஸ்’ கோப்புறையில் போட்டுத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. தமிழ்ச் சொற்கள் நீளம். எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு வரிக்கு மூன்று சொல்தான் நிற்கும். இருபக்கமும் சமமாக நிரப்பும் அமைப்பு இருந்தால் நடுவில் ஓட்டை ஓட்டையாக விழும். லேஅவுட்டில் சீரமைப்பை இடப்பக்கத்துக்கு மாற்றுங்கள், சரியாகிவிடும்.

போனிலேயே படிப்பதென்றால் நோட்டிஃபிகேஷனை அடைத்துவிட்டு, நூலை முன்பே இறக்கி வையுங்கள். பெங்களூர் மெட்ரோவின் பர்ப்பிள் லைனில் கப்பன் பார்க் முதல் மெஜஸ்டிக்கை அடுத்த சிட்டி ரயில் நிலையம் வரை சுரங்கம். சிக்னலை நம்பிப் புத்தகம் திறக்க வேண்டாம். எம்.ஜி. ரோடுக்குப் பிறகு ரயில் மேலே ஓடும். ஜன்னல் வெயிலில் போனின் வெளிச்சத்தைக் கூட்டக் கூட்ட பேட்டரி கரையும். ரீடரோ அந்த வெயிலிலேயே தெளிவாகத் தெரியும்.