பொத்தானை அழுத்தினால் அரை நிமிடம் எரியும் விளக்கு: 555 ஐசியில் செய்யலாம்

எங்கள் வீடு தக்கலைப் பக்கம். ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ரப்பர் மரக் கிளை கம்பியில் விழுந்தால் கரண்ட் போய்விடும். அம்மா ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் வாளியுமாகப் பின்வாசல் படி இறங்குவதைப் பார்த்துத்தான் இதைச் செய்தேன். ஒருமுறை அழுத்தினால் போதும், அரை நிமிடம் எரிந்து தானே அணையும்.

555 ஐசி (எட்டுக் கால் உள்ள, நேரம் கணக்கிடும் சின்ன சிப்), 9 வோல்ட் பேட்டரி, வெள்ளை எல்இடி, புஷ் பட்டன், 270 கிலோ ஓம், 10 கிலோ ஓம், 470 ஓம் ரெசிஸ்டர்கள், 100 மைக்ரோஃபாரட், 0.01 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள் வேண்டும். முதலில் பிரெட்போர்டில் (சால்டரிங் இல்லாமல் கால்களைச் செருகி இணைக்கும் துளைப்பலகை) செய்யுங்கள், சால்டரிங் அப்புறம்.

ஐசியின் அரைவட்ட வெட்டு இடப்பக்கம் இருக்கட்டும். கீழ்வரிசைக் கால்கள் இடமிருந்து 1 முதல் 4, மேல்வரிசைக் கால்கள் வலமிருந்து 5 முதல் 8. 8, 4 இரண்டும் பிளஸ்ஸுக்கு, 1 மைனஸுக்கு. 6, 7 இரண்டையும் சேர்த்து, அங்கிருந்து பிளஸ்ஸுக்கு 270 கிலோ ஓம், மைனஸுக்கு 100 மைக்ரோஃபாரட். அதில் கோடு போட்ட கால்தான் மைனஸ். 5லிருந்து மைனஸுக்கு 0.01. 3லிருந்து 470 ஓம், எல்இடி வழியாக மைனஸ். 2லிருந்து பிளஸ்ஸுக்கு 10 கிலோ ஓம், 2க்கும் மைனஸுக்கும் நடுவே பட்டன்.

பட்டனை அழுத்தியதும் விளக்கு எரியும், 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 270 கிலோ ஓம் வழியாக மெல்லச் சார்ஜ் ஆகும். அது பேட்டரி வோல்டேஜில் மூன்றில் இரண்டு பங்கை எட்டியதும் விளக்கு அணையும். அதற்கான நேரம் 1.1 × ரெசிஸ்டர் × கெப்பாசிட்டர், இங்கே 29.7 விநாடி. கெப்பாசிட்டரின் உண்மை அளவு கூடக் குறைய இருக்கும் என்பதால் எனக்கு 33 வந்தது.

நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்டது பட்டனில். பேட்டரி மாட்டியதுமே விளக்கு எரிந்தது, அணையவே இல்லை. ஐசி போய்விட்டது என்று நினைத்து வேறு இரண்டு மாற்றினேன். அந்தச் சின்ன பட்டனுக்கு நான்கு கால். அவை இரண்டிரண்டாக உள்ளே ஏற்கெனவே சேர்ந்திருக்கும். அப்படிச் சேர்ந்த இரண்டு கால்களில் இணைத்தால் 2ஆம் கால் எப்போதும் மைனஸில்தான் கிடக்கும். மூலைக்கு மூலை உள்ள கால்களை எடுங்கள், பிசகாது. இரண்டு முனைகள் சேர்ந்திருந்தால் பீப் சத்தம் தரும் மல்டிமீட்டர் இருந்தால் இதை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பேன். வேறு எந்தக் கருவிக்கும் முன் அதை வாங்குங்கள். சரி, பட்டன் ஒழுங்காகவே இருந்தும் தொடாமலே எரிகிறதா? 10 கிலோ ஓம் விட்டுப்போயிருக்கும்.

பிற்சேர்க்கை: சாதாரண 555 சும்மா இருக்கும்போதும் சில மில்லி ஆம்பியர் குடிக்கும், சில நாளில் பேட்டரி காலி. அதே கால் அமைப்புள்ள, மிகக் குறைவாகக் குடிக்கும் 7555 ஐசி போட்டேன், இப்போது மாதக்கணக்கில் வருகிறது. குளச்சலில் செய்து பார்த்த நண்பருக்கு உப்புக் காற்றில் பட்டன் கால்களில் பச்சை பிடித்து, அழுத்தினாலும் எரியவில்லை. கடலோரம் இருந்தால் ரப்பர் தொப்பி போட்ட பட்டனே வாங்குங்கள்.