எழுத்து அழிந்த உரோமக் காசா? கேடயத்தைப் பாருங்கள்

இலங்கை மண்ணில் கிடைக்கும் உரோமக் காசுகளில் பெரும்பாலானவை 4ஆம், 5ஆம் நூற்றாண்டுச் சின்னச் செப்புக்காசுகள். மன்னாரின் பழைய துறைமுகமான மாதோட்டப் பக்கம் உழவிலோ வாய்க்கால் வெட்டிலோ அப்படி ஒன்று கிளம்பினால், அரசன் பெயரை வாசிக்கலாம் என்று எண்ண வேண்டாம். விளிம்போடு எழுத்து முதலில் போய்விடும். நடுவில் நிற்கும் உருவங்களும் அவற்றின் கேடயமும்தான் மிஞ்சும்.

முதலில் சட்டம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, கண்டெடுத்ததை அறிவிக்க வேண்டும். தொல்பொருள் திணைக்களத்திடமோ பிரதேச செயலகத்திலோ பொலிஸிலோ சொல்லலாம். இன்னும் இருக்குமோ என்று அனுமதியில்லாமல் கிண்டுவது குற்றம். வன்னியில் மிதிவெடிப் பலகை நிற்கும் காணியென்றால் சட்டத்தைவிடப் பெரிய காரணமும் இருக்கிறது.

காசைத் தேசிக்காய், பழப்புளி, சாம்பல், பித்தளை மினுக்கும் திரவம் எதிலும் போடாதீர்கள். பச்சைப் படலத்தின் மேற்பரப்பில்தான் கேடயத்தின் கோலம் இருக்கிறது. புளி அதைக் கரைத்தால் மிஞ்சுவது வழுவழுப்பான செப்புத்துண்டு. கிணற்றுத் தண்ணீரும் சரிவராது. எங்கள் பக்கத்துத் தண்ணீரின் கல்தன்மை வெள்ளைப் படையாக ஒட்டிக்கொள்ளும். பெற்றோல் செட்டில் விற்கும், அசிட் கலக்காத பற்றரித் தண்ணீரில் ஊறவைத்து, நாளுக்கு ஒருமுறை மாற்றி, இளகிய மண்ணை மட்டும் மரப் பல்லுக்குத்தியால் நீக்கலாம். இளம்பச்சை மாவாக உதிர்ந்தால் அது உப்பு அரிப்பு. கடற்கரை மண்ணில் கிடந்த காசில் அடிக்கடி வரும். உடனே உலர்த்தி, சிலிக்கா ஜெல் பைக்கற்றோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

பார்ப்பதற்கு நேரம் காலை 7 மணிக்கு முன். விறாந்தையில் வெயில் சரிந்து விழும்போது காசைத் தட்டையாக வைத்து மெதுவாகச் சுழற்றுங்கள். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே பச்சை. இரவென்றால் ரோர்ச்சைக் காசின் மட்டத்துக்கே தாழ்த்திப் பக்கவாட்டில் பிடியுங்கள். 10 மடங்கு உருப்பெருக்கி, 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, ஒரு மில்லிமீற்றர் அடிமட்டம் இருந்தால் போதும்.

தலைப்பக்கத்தில் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது? பெரும்பாலான காசுகளில் முகம் வலப்பக்கம் பார்க்கும். இடப்பக்கம் பார்த்தால் கேடயத்தைத் தேடுங்கள். கேடயம் பிடிப்பது இடக்கை. முகம் இடப்பக்கம் திரும்பினால்தான் அந்தத் தோள் நமக்கு முன்னால் வரும். பேரரசர் புரோபஸ் (276–282), பேரரசர் கொன்ஸ்தாந்தீன், அவர் மகன் கிறிஸ்பஸ் ஆகியோரின் காசுகளில் இந்த அமைப்பு உண்டு. முகம் நேரே நம்மைப் பார்த்தபடி, தலைக்கவசம், ஈட்டி, எங்கள் வலப்பக்கத்தில் கேடயம் என்றிருந்தால், செப்புக்காசில் அது பெரும்பாலும் பேரரசர் ஆர்க்காடியஸ் காலத்து, 401–403 அளவிலான ‘கொன்கோர்டியா’ வகை. இத்தகைய வகைப்பெயர்கள் காசின் பின்பக்க எழுத்திலிருந்து வந்தவை. அந்தக் கேடயத்துக்குள் ஒரு குதிரைவீரன் விழுந்த எதிரியைக் குத்துகிறான். முந்திய பேரரசர் இரண்டாம் கொன்ஸ்தான்ரியஸின் பொற்காசிலிருந்து தொடர்ந்து வந்த கோலம் அது. ஏறக்குறைய 4.5 கிராம் எடையுள்ள அந்தப் பொற்காசில் குதிரையின் கால்களைத் தனித்தனியாக எண்ணலாம். செப்புக்காசில் ஒரு சரிந்த கோடும் இரண்டு மூன்று குத்துகளும் தெரிந்தாலே அதிர்ஷ்டம். பொற்காசு என்று யாராவது காட்டும்போது குதிரை சோப்புக்கட்டி போல உருண்டு மழுங்கியிருந்தால் அது வார்த்த போலி என்று சந்தேகியுங்கள். அச்சில் அடித்த காசு தேய்ந்தாலும் கோடுகளின் ஓரம் அப்படிக் குழையாது.

பின்பக்கம்தான் அதிகம் பேசும். இரண்டு வீரர் எதிரெதிரே நின்று, வெளிக்கையில் ஈட்டி, உட்கையைக் கேடயத்தில் ஊன்றியிருந்தால் அது ‘குளோரியா எக்ஸெர்சிற்றஸ்’. நடுவில் கொடிக்கம்பங்களை எண்ணுங்கள். இரண்டென்றால் 330–335, ஒன்றென்றால் 335–341. அளவும் உதவும்: முந்தியது 17–18 மில்லிமீற்றர், பிந்தியது 15–16.

ஒரு வீரன் குதிரையிலிருந்து விழுபவனைக் குத்துவது 348இல் தொடங்கிய ‘பெல் ரெம்ப் ரெபராற்றியோ’. இதில் வீரனின் கையில் ஒரு கேடயமும், பலவற்றில் அவன் காலடியில் வலப்பக்கம் இன்னொன்றும் இருக்கும். கீழே கிடப்பதைச் சக்கரம் என்றோ பூ என்றோ எழுதிவைப்பவர்கள் உண்டு. நடுவில் குமிழும் சுற்றிலும் விளிம்பும் தெரிந்தால் கேடயம்தான். 22 மில்லிமீற்றருக்கு மேலென்றால் தொடக்க ஆண்டுகள், 16–18 என்றால் 350களின் நடுவிலிருந்து.

பேரரசர் ஈட்டியோடு நிற்க, வெற்றித் தேவதை விக்ரோரியா முடிசூட்ட, இருவருக்கும் நடுவே கேடயம் ஊன்றியிருந்தால் ‘வேர்ற்றஸ் எக்ஸெர்சிற்றி’, 395–401.

அதிகம் பிழைவிடுவது இரண்டு இடங்களில். 11–14 மில்லிமீற்றர் அளவுள்ள சின்னக் காசில் தேவதை கைதியொருவனை இழுத்துச் செல்லும்போது தோளில் தெரியும் கட்டி கேடயமல்ல. போரில் பறித்த கவசங்களைக் கம்பில் மாட்டிய வெற்றிச்சின்னம். அந்த வகை 383க்குப் பிந்தியது. அடுத்தது, வட்டத்துக்குள் எழுத்து. தேவதைகள் பிடித்திருந்தால் நேர்த்திக்கடன் வாசகம் எழுதிய கேடயம். யாரும் பிடிக்காமல் காசு முழுவதும் நிறைந்து, அடியில் முடிச்சும் இருந்தால் இலைமாலை.

அடிவிளிம்பில் மூன்று நான்கு எழுத்து மிஞ்சியிருந்தால் காசை அடித்த அக்கசாலையும் தெரியவரும்: ஏ-என்-ரி அந்தியோக்கியா, ஏ-எல்-ஈ அலெக்சாந்திரியா. எழுத்தின் இடத்தில் வெறும் கீறல்களும், கேடயத்தின் இடத்தில் குத்துகளால் ஆன வளையமும் இருந்து, எடையும் குறைவாக இருந்தால், உரோமக் காசைப் பார்த்து இத்தீவிலேயே அடிக்கப்பட்ட போன்மமாக இருக்கலாம். அவற்றைப் போலி என்று ஒதுக்காதீர்கள். இங்கே கைமாறிய சில்லறை அவை.

வெள்ளிக்காசில் இரண்டு இளைஞர், இடையில் இரண்டு வட்டக் கேடயங்கள், பின்னால் ஈட்டிகள் என்றால் அது முதல் உரோமப் பேரரசர் அகஸ்தஸின் பேரர்கள் காயுஸும் லூசியஸும். உரோமச் சமூகத்தின் உயர்குடிகளில் ஒன்றான குதிரைவீரர் வகுப்பு அவர்களுக்கு அளித்த வெள்ளிக் கேடயங்கள் அவை. தமிழ்நாட்டில் இந்த வகை ஏராளம்.

அறிவிக்கும்போது இருபக்கப் படமும், விட்டமும், எடையும், கிடைத்த வயலின் இடமும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். இடம் எழுதாத காசு அரைக்காசுக்கும் உதவாது.