சோப்பின் பெயரை நான் காப்பாற்றியது இப்படித்தான்

என் சோப்புக்கு முதலில் வைத்த பெயர், அதன் குணத்தை அப்படியே சொல்லும் பெயர். வர்த்தக முத்திரைக்கு விண்ணப்பித்ததும் ஆட்சேபணை வந்துவிட்டது. சோப்பு விற்கும் எல்லோருக்கும் தேவைப்படும் சொல்லை ஒருவருக்கு மட்டும் எப்படிக் கொடுப்பார்கள்? யோசித்தால் நியாயம்தான்.

சரி என்று அர்த்தமே இல்லாத ஒரு புதுச் சொல்லை உருவாக்கினேன். இந்தத் தடவை பதிவேட்டில் எழுத்தை மட்டும் பார்க்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துத் தேடினேன், ஏனென்றால் ஒரு நெடிலைக் குறிலாக்கிவிட்டால் அது வேறு பெயர் ஆகிவிடாது, காதுக்கு ஒன்றாக ஒலித்தாலே மறுக்கலாம். அப்புறம் வகுப்பு. பொருள்களையும் சேவைகளையும் வகுப்பு வகுப்பாகப் பிரிக்கும் சர்வதேசப் பட்டியலான நைஸ் வகைப்பாட்டில் மொத்தம் 45 வகுப்புகள் உண்டு. சோப்பு 3, மெழுகுவர்த்தி 4. அடுத்து மெழுகுவர்த்தியும் செய்யப்போவதால் இரண்டிலும் கேட்டேன்.

பதிவாகும்வரை, பெயர் என்னுடையது என்று சொல்லும் டிஎம் (TM) குறி மட்டும்தான் போட்டேன், பதிவான பெயருக்கே உரிய, வட்டத்துக்குள் ஆர் (®) போடவில்லை.

பிறகு ஒருவர் கிட்டத்தட்ட அதே பெயரில் சோப்பு விற்கத் தொடங்கினார். பதிவுச் சான்றிதழ் நகலோடு, தேதி போட்ட என் முதல் பில்லையும் பழைய லேபிளையும் வைத்துக் கடிதம் அனுப்பினேன், பெயரை மாற்றிக்கொண்டார். அந்த பில்லைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று! பதிவை 10 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அந்தத் தேதியைச் சான்றிதழின் மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன்.