சைக்கிள் டயருக்கு எவ்வளவு காற்று? கட்டைவிரலை நம்பாமல் கண்டுபிடிக்கும் வழி

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனைப் பஞ்சர் கடைக்காரருக்குக் கட்டைவிரல்தான் கருவி. காற்றடித்து முடித்ததும் டயரின் மேல் விரலை வைத்து ஓர் அழுத்து அழுத்துவார். விரல் துளியும் அமுங்கவில்லை என்றால் வேலை முடிந்தது. நானும் முப்பது வருடமாக அதையே நம்பி வந்தேன். டயர் கல்லாக இருந்தால் நல்ல காற்று, அமுங்கினால் குறைந்த காற்று.

போன வருடம் அலுவலகத்துக்குச் சைக்கிளில் போக ஆரம்பித்தேன். பாரிமுனை வரை போக வர பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். இரண்டாவது வாரமே இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயின. கையுறை வாங்கினேன், சீட்டை மாற்றினேன், ஹேண்டில்பாரை உயர்த்தினேன். எல்லாம் முடிந்து கடைசியாகத்தான் டயரில் கை வைத்தேன். காற்றைக் குறைத்ததும் மரப்பு போயிற்று. ஒரு பைசா செலவில்லை. கையுறைக்குக் கொடுத்த பணம்தான் இன்னும் உறுத்துகிறது.

காற்றடைத்த டயர் வந்ததே உடம்பு குலுங்காமல் இருக்கத்தான். 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர வண்டி கரடுமுரடான தெருவில் ஆட்டம் போடாமல் ஓட வேண்டும் என்று செய்து பார்த்தது அது. நம் பக்கத்துக்கும் இதில் உறவு உண்டு. 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மைப் பலூன் செய்ய ஆரம்பித்த தொழில்தான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனியாக வளர்ந்தது. பலூனை வெடிக்கும் அளவுக்கு ஊதி விளையாடுவதில்லை. டயரை மட்டும் ஏனோ அப்படி ஊதி ஓட்டுகிறோம்.

நான் சொல்வது சைக்கிளுக்கு. ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடு வேண்டாம். வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ போட்டிருக்கும் அளவை அப்படியே அடித்துக்கொள்ளலாம்.

முதல் வேலை: டயரைப் படிப்பது

டயரின் பக்கச்சுவரில் எழுத்துகள் புடைத்திருக்கும். கறுப்பின் மேல் கறுப்பு, போதாததற்குப் புழுதி வேறு. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, பிள்ளைகளின் சாக்பீஸைப் படுக்கைவாட்டில் வைத்துத் தேயுங்கள். எழுத்துகள் வெள்ளையாக எழும்பி வரும்.

இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, அளவு. என் டயரில் 700 x 35 என்று இருக்கிறது. அந்த 35, டயரின் அகலம், மில்லிமீட்டரில். இன்னொன்று, அழுத்தம். ‘மின் 40, மேக்ஸ் 65 பிஎஸ்ஐ’ என்பதுபோல இருக்கும். மின் என்பது குறைந்த அளவு, மேக்ஸ் அதிக அளவு, பிஎஸ்ஐ என்பது ஒரு சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு அழுத்தம் என்ற கணக்கு. சில டயர்களில் மேக்ஸ் மட்டும்தான் இருக்கும். சிலவற்றில் ‘பார்’ கணக்கு. ஒரு பார் என்றால் 14.5 பிஎஸ்ஐ.

மேக்ஸ் என்பது தாண்டக்கூடாத எல்லை. அதுவரை அடித்தே ஆக வேண்டும் என்று டயர் கம்பெனி எங்கும் சொல்லவில்லை. நம் கடைகளில் பலர் அதைத்தான் அடிக்க வேண்டிய அளவாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வால்வு எது?

மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற தடித்த வால்வு, நடுவில் ஊசியோடு இருந்தால் உங்களுக்குக் கவலை இல்லை. காற்றழுத்தத்தைக் காட்டும் கேஜ் வைத்துப் பார்க்கலாம், நகத்தால் ஊசியை அழுத்திக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம். ரேஸ் சைக்கிள்களில் வரும் மெல்லிய பிரெஸ்டா வால்விலும் முடியும். அதற்கேற்ற கேஜ் வேண்டும், அவ்வளவுதான்.

அப்பா காலத்துக் கறுப்பு சைக்கிளில் இருப்பது வேறு. டன்லப் வால்வு. மேல் திருகைக் கழற்றினால் உள்ளே ஒரு சிறிய உலோகக் குச்சி. அதன் பக்கவாட்டில் ஒரு துளை. துளையை மூடியபடி ஒரு மெல்லிய ரப்பர் குழாய். அதுதான் வால்டியூப். பம்பின் காற்று ரப்பரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும். உள்ளே போன காற்று ரப்பரைத் துளையோடு சேர்த்து அழுத்தி, தான் வெளியேறும் வழியைத் தானே அடைத்துக்கொள்ளும். எச்சிலைத் தொட்டு வால்வின் வாயில் வைத்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்போமே, அது இந்த ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான்.

அழகான ஏற்பாடு. ஆனால் அளப்பதற்கு ஆகாது. டயருக்குள் இருக்கும் காற்று கேஜுக்கு வந்து சேரவே முடியாது. பம்பில் இருக்கும் கேஜ், ரப்பரைத் தள்ளும் அழுத்தத்தையும் சேர்த்தே காட்டும். முள் ஒவ்வொரு அடிக்கும் துள்ளும். எனவே வால்டியூப் சைக்கிள்காரர்கள் பிஎஸ்ஐ கணக்கை விட்டுவிட்டுப் பம்பு அடியை எண்ணுங்கள். காற்றை முழுதும் இறக்கிவிட்டு, ஒரே பம்பில் எத்தனை அடி அடித்தீர்கள் என்று குறித்துக்கொண்டால் போதும். அளவு சரியா என்பதை அடுத்து வரும் ஸ்கேல் சொல்லிவிடும்.

எந்தச் சக்கரத்தில் எவ்வளவு எடை

நாம் உட்காரும்போது எடை இரண்டு சக்கரத்துக்கும் சமமாகப் போவதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சைக்கிளில் பின்சக்கரம் கிட்டத்தட்ட அறுபது சதவீதம் தாங்குகிறது. இரண்டு டயருக்கும் ஒரே அளவு காற்றடித்தால், பின்னால் சரியாக இருக்கும்போது முன்னால் தேவைக்கு மேல் இறுகிவிடும். அந்தக் குலுக்கல் நேராகக் கைக்குத்தான் வரும். என் சுண்டுவிரல் மரத்துப்போனதன் ரகசியம் இதுதான்.

சந்தேகம் இருந்தால் எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் பின்சக்கரத்தை ஏற்றி, முன்சக்கரத்துக்குக் கீழே அதே உயரத்துக்குப் பலகை வைத்து, சுவரை லேசாகத் தொட்டபடி ஏறி உட்கார்ந்து பாருங்கள். எனக்கு நான், சைக்கிள், பை எல்லாம் சேர்ந்து 88 கிலோ. பின்சக்கரத்தில் மட்டும் 52.

ஸ்கேல் வைத்து அளப்பது

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும்தான் செய்து பார்ப்பீர்கள் என்றால், இதைச் செய்யுங்கள்.

டயர் நம் எடைக்குக் கொஞ்சம் அமுங்க வேண்டும். எவ்வளவு? சைக்கிள் தொழில்நுட்பம் பற்றி எழுதிய அமெரிக்கர் ஃபிராங்க் பெர்ட்டோ 15 சதவீதம் என்ற கணக்கைப் பரப்பினார். தரையைத் தொடும் இடத்தில் டயரின் உயரம் 15 சதவீதம் குறைந்தால், சொகுசுக்கும் வேகத்துக்கும் நடுவில் நல்ல இடம். உயரத்தைத் தனியாக அளக்க வேண்டாம், டயரின் அகலத்தையே உயரமாக வைத்துக்கொள்ளலாம். 35 மில்லிமீட்டர் டயருக்கு 5 மில்லிமீட்டர் அமுங்கல். 40 என்றால் 6. மலைச் சைக்கிள் போன்ற 50 மில்லிமீட்டர் டயருக்கு ஏழரை.

சமதளமான தரையில், சுவர் ஓரமாகச் சைக்கிளை நிறுத்துங்கள். சைடு ஸ்டாண்டு, சென்டர் ஸ்டாண்டு எதுவும் வேண்டாம். ரிம்மின் கீழ் விளிம்பிலிருந்து தரைவரை எத்தனை மில்லிமீட்டர் என்று வீட்டில் ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் ஏறி, ஓட்டும்போது உட்காருவது போலவே உட்காருங்கள், கை ஹேண்டில்பாரில் இருக்கட்டும். மறுபடி அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அமுங்கல்.

ஸ்கேலின் முனையில் பூஜ்யத்துக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். அதை வெட்டிவிட்டு அளக்க வேண்டுமோ என்று தோன்றும். நாங்கள் முதல் தடவை இதைக் கவனிக்கவில்லை. ஓர் அளவிலிருந்து இன்னொன்றைத்தானே கழிக்கிறோம், இரண்டிலும் அதே இடம்தான் இருக்கிறது, பரவாயில்லை என்று என் மகள் சொன்னாள். அவள் சொன்னது சரி.

கடைக்காரர் அடித்துக் கொடுத்த டயர், நான் ஏறியபோது முன்பக்கம் ஒன்றரை மில்லிமீட்டர்தான் இறங்கியது. ரப்பருக்குப் பதில் மரச்சக்கரம் மாட்டியிருக்கலாம்.

ஆரம்பிக்க ஓர் எண்

கேஜ் வைத்திருப்பவர்கள் எங்கிருந்தாவது தொடங்க வேண்டுமே. எழுபது கிலோ அளவில் இருப்பவருக்குப் பின்சக்கர அளவு, தோராயமாக: 26 அங்குலத்தில் இரண்டு அங்குல அகல டயர் என்றால் 35 முதல் 40 பிஎஸ்ஐ, 700 x 35 அல்லது 38 என்றால் 50 முதல் 55, 28 x 1½ பழைய சைக்கிள் 50 பக்கம், 25, 28 மில்லிமீட்டர் மெல்லிய டயர் 75 முதல் 90. முன்சக்கரத்துக்கு இதிலிருந்து பத்து பதினைந்து குறையுங்கள். இவை அனைத்தும் டயரில் எழுதியிருக்கும் எல்லைக்குள் இருக்க வேண்டும்.

தெருவில் சோதனை

வீட்டில் அளந்தது பாதி. மீதியைச் சாலைதான் சொல்லும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினேன். எண்ணூர் விரைவுச் சாலைப் பக்கம் போகவே இல்லை. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் உயிரைக் கவனிப்பதா, டயரைக் கவனிப்பதா? வீட்டைச் சுற்றியே ஒரு கிலோமீட்டர் வட்டம் போட்டுக்கொண்டேன். கொஞ்சம் தார், சந்துக்குள் பதித்த சிமெண்ட் கற்கள், ஒரு வேகத்தடை, சாலை மட்டத்துக்குக் கீழே இறங்கிப்போன ஒரு பாதாளச் சாக்கடை மூடி. வடசென்னையில் இந்த நான்கையும் ஒரே தெருவில் பார்ப்பது கஷ்டமான காரியம் இல்லை.

கருவியாக ஒரு டிபன் பாக்ஸ். காலியான எவர்சில்வர் டப்பாவுக்குள் ஒரு ஸ்பூனைப் போட்டு, முன்பக்கக் கூடையில் வைத்துக் கட்டினேன். மனசு ‘இப்போது பரவாயில்லை’ என்று ஏமாற்றும், ஸ்பூன் ஏமாற்றாது.

முதல் சுற்று, பின்னால் 60, முன்னால் 50. சிமெண்ட் கல் மேல் ஸ்பூன் ஓயாமல் அடித்துக்கொண்டது. திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஐஸ்காரன் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு டயரிலும் ஐந்து குறைத்தேன். 55, 45-இல் சத்தம் விட்டுவிட்டு வந்தது. 50, 40-இல் கல் மேல் கிட்டத்தட்ட அமைதி. வேகத்தடையில் மட்டும் ஒரு கிணுக். மிதிக்கக் கூடுதல் சிரமம் எதுவும் இல்லை. கல்லாக இருக்கும் டயர்தான் வேகமாக ஓடும் என்பது வழவழப்பான தரைக்குப் பொருந்தும். மேடுபள்ளத்தில் இறுகிய டயர் ஒவ்வொரு மேட்டுக்கும் ஆளையே தூக்கித் தூக்கிப் போடுகிறது. அதற்கான பலமும் நாம் மிதிப்பதிலிருந்துதான் போகிறது.

45, 35-க்கு இறக்கினேன். திருப்பத்தில் பின்பக்கம் லேசாக நெளிந்தது. சாக்கடை மூடியில் ‘டங்’ என்று ஒரு சத்தம், இரும்பும் தரையும் மோதும் சத்தம். ரிம் இடித்துவிட்டது. இப்படி இடிக்கும்போது ரிம்மின் இரண்டு விளிம்புக்கும் தரைக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்தது போல அருகருகே இரண்டு ஓட்டை விழும். ரிம்மும் கோணலாகும். இந்தச் சத்தம் கேட்டதும் முந்தைய அளவுக்கே திரும்பிவிட வேண்டும். நான் அதற்கு மேல் பின்பக்கம் இரண்டைச் சேர்த்து 52, 40 என்று நிறுத்தினேன். மறுபடி ஸ்கேல் வைத்தபோது பின்னால் 5 மில்லிமீட்டர், முன்னால் நாலரை.

சுமை, வெயில், மழை

கேரியரில் 20 லிட்டர் தண்ணீர் கேன் ஏற்றினால் இருபது கிலோ, கிட்டத்தட்ட முழுதும் பின்சக்கரத்துக்கு. ஆளை ஏற்றினால் இன்னும் அதிகம். பின்னால் எட்டுப் பத்து பிஎஸ்ஐ கூட்டுங்கள், மேக்ஸைத் தாண்டாமல். முன்னால் தொட வேண்டாம்.

வெயிலைப் பற்றி எனக்கு ஒரு தப்பெண்ணம் இருந்தது. சில வருடங்களுக்கு முன், லாரிக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் வைத்திருந்த ஒரு கடையில் சைக்கிளுக்கு அடித்துக்கொண்டு போய், மத்தியானம் வெயிலில் நிறுத்தினேன். அரை மணி நேரத்தில் டயர் வெடித்தது. பழியை வெயில் மேல் போட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் 50 பிஎஸ்ஐ டயர் பத்து டிகிரி சூடேறினால் கூடுவது இரண்டு பிஎஸ்ஐ அளவுதான். 80 அடித்திருந்து, இருபத்தைந்து டிகிரி ஏறியிருந்தாலும் ஏழெட்டுக்கு மேல் கூடாது. வெடித்ததற்குக் காரணம், பக்கச்சுவர் வெடிப்பு விட்டிருந்த பழைய டயரில் கண்மூடித் திறப்பதற்குள் கம்ப்ரஸர் ஏற்றிய காற்று. சைக்கிள் டியூபுக்குள் இருக்கும் இடம் சிறியது. ஒரு விநாடி அதிகம் பிடித்தாலே எல்லை தாண்டிவிடும். கால் பம்போ கைப் பம்போ போதும். அளப்பதை மட்டும் காலையில், ஓட்டுவதற்கு முன் செய்யுங்கள்.

மழைக்காலத்தில் இரண்டு டயரிலும் மூன்று நான்கு குறைக்கிறேன், ஈரத்தில் பிடிப்புக்காக. ஆனால் தெருவில் தண்ணீர் தேங்கிவிட்டால் இதைச் செய்ய வேண்டாம். பள்ளம் கண்ணுக்குத் தெரியாதபோது ரிம் இடிக்கும் வாய்ப்பு அதிகம். அந்த நாட்களில் பழைய அளவே இருக்கட்டும், அல்லது இறங்கித் தள்ளுங்கள்.

வாரம் ஒரு முறை

ஓட்டை இல்லாத டியூபிலிருந்தும் காற்று மெல்லக் கசியும். வாரத்துக்கு ஒரு முறை பாருங்கள். வால்டியூப் சைக்கிளுக்கு மூன்று நான்கு நாளைக்கு ஒரு முறை. உங்கள் எண்ணை ஒரு துண்டு பிளாஸ்டரில் எழுதி, சீட்டுக்கு அடியில் ஒட்டிவிடுங்கள். என்னுடையதில் ‘பின் 52, முன் 40’ என்று இருக்கிறது. அப்பாவின் சைக்கிளில் பம்பு அடி எண்ணிக்கை. டயரின் அகலம் மாறினாலோ, உங்கள் எடை ஐந்து கிலோ கூடினாலோ, அதைக் கிழித்துவிட்டுச் சாக்பீஸிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.