ஏரி, ஆறு, எலக்ட்ரிக் சைக்கிள்: ஒரு நாள் சுற்று

வழிகாட்டி இல்லாமல் கிளம்புகிறீர்களா, முதலில் பேட்டரிக் கணக்கைப் போடுங்கள். 500 வாட்-மணி பேட்டரி, கிலோமீட்டருக்கு 10 வாட்-மணி செலவு என்றால் 50 கிலோமீட்டர் வரும். ஏற்றம், எதிர்காற்று, முதுகுப் பை எல்லாம் சேர்ந்தால் குறையும், அதனால் சுற்றை 35 கிலோமீட்டருக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

ஏரியைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். வெயில் ஏறினால் காற்று கிளம்பி நீர் கலைந்துவிடும், விடிந்ததும் போனால் எதிர்க்கரை மரங்கள் தண்ணீருக்குள் தலைகீழாக அசையாமல் நிற்கும், அதற்காகவே சீக்கிரம் எழுந்திருக்கலாம்.

ஆற்றோரத்தில் முதலில் நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில் போங்கள். பேட்டரியில் தெம்பு இருக்கும்போதே ஏற்றம் முடிந்துவிடும், திரும்பி வரும்போது சரிவு உங்களுக்குத் துணை.

சமதரையில் எக்கோ, அதாவது மோட்டார் குறைவாக உதவும் நிலை, போதும். வண்டி பெரும்பாலும் 20 கிலோவுக்கு மேல் கனக்கும், ஈரச் சரளையில் முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் சக்கரம் வழுக்கிவிடும். வளைவு வருவதற்கு முன்பே இரண்டு பிரேக்கையும் மெல்ல அழுத்தி வேகத்தைக் குறையுங்கள்.

அப்புறம், வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வையுங்கள். பாதிச் சார்ஜ் தீர்ந்ததும், எங்கே இருந்தாலும் சரி, திரும்பிவிடுங்கள்.