இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங் எப்படி ஆரம்பிக்கிறது
இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்னா ஒரு நாள்ல சில மணி நேரம் சாப்பிடாம இருந்து, மீதி நேரத்துல மட்டும் சாப்பிடுறது. எடுத்த உடனே 16 மணி நேரம் பட்டினி கிடக்காதீங்க. முதல் வாரம் 12 மணி நேரம் போதும், ராத்திரி 8 மணிக்கு சாப்ட்டு முடிச்சா காலைல 8 வரைக்கும் ஒண்ணும் வேணாம், தூக்கத்துலயே பாதிக்கு மேல போய்டும். அப்புறம் 14, பழகினா 16. நடுவுல தண்ணி, சர்க்கரை பால் போடாத காபி டீ ஓகே. சாப்பிடுற 8 மணி நேரத்துல வெளுத்துக்கட்டினா வெயிட் குறையாது, இதுல மேஜிக் எல்லாம் இல்ல, மொத்த கலோரி குறையுறதால தான் குறையுது (நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான்). புரோட்டீன் நல்லா சேர்த்துக்கோங்க. சுகர் மாத்திரை, இன்சுலின் எடுக்குறவங்க டாக்டர கேக்காம ஆரம்பிக்காதீங்க, லோ சுகர் ஆகிடலாம். கர்ப்பிணிகள், பால் கொடுக்குற அம்மாக்கள், 18 வயசுக்கு கீழ இருக்கவங்களுக்கு இது வேணவே வேணாம். தலை சுத்துனா உடனே சாப்ட்ருங்க.