செல் இறங்கிய டேப்: வேப்பர்வேவை விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பெங்களூரு அல்சூரில் பெரியப்பா வீட்டில் உட்கார்ந்து, போனில் 'ஃப்ளோரல் ஷாப்' என்ற ஆல்பத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பெரியப்பா ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பரணில் இன்னும் ஒரு பெட்டி நிறைய கேசட் வைத்திருக்கிறார். அந்தப் பக்கமாக வந்தவர் நின்று காதைக் கொடுத்தார்.

"என்னடா, செல் இறங்கிடுச்சா?"

"இல்ல பெரியப்பா, இது வேப்பர்வேவ்னு ஒரு வகை மியூசிக்."

"அப்படின்னா?"

போனைத் திருப்பி அட்டைப் படத்தைக் காட்டினேன். இளஞ்சிவப்புப் பின்னணி, ஒரு கிரேக்கச் சிலையின் தலை, பச்சை நிறத்தில் ஜப்பானிய எழுத்து. "இதான்" என்றேன். "பாட்டு என்னன்னு கேட்டா படத்தைக் காட்டுற" என்று சொல்லிவிட்டு காபி போடப் போய்விட்டார்.

இந்த இசையை விளக்க வரும் பலரும் வழுக்கி விழும் இடம் இதுதான். சிலை, விண்டோஸ் 95 ஜன்னல், பனைமரம், ஊதா வானம் என்று கண்ணுக்குத் தெரிவதை அடுக்கிவிட்டு, விளக்கியாயிற்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். படத்தை யார் வேண்டுமானாலும் எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். 2015ல் எம்டிவியே தன் சேனல் தோற்றத்தை இந்தப் பாணிக்கு மாற்றியது. இப்போது இந்திராநகர் காபிக் கடைச் சுவர்களிலும் அந்தச் சிலைத் தலை தொங்குகிறது. கீழே ஸ்பீக்கரில் ஓடுவது வேறு ஏதோ பாட்டு.

அடுத்தது பெயர். தமிழில் சொல்கிறேன் என்று நண்பன் ஒருவன் 'ஆவி அலை' என்று எழுதிக் கொடுத்தான். படித்தவர்கள் பேய்ப்பட இசை என்று நினைத்துக்கொண்டார்கள், பாவம். அந்த 'வேப்பர்', 'வேப்பர்வேர்' என்ற சொல்லிலிருந்து வந்தது. பூஜை போட்டு, போஸ்டர் ஒட்டி, கடைசிவரை வராமலே போகும் படங்கள் உண்டல்லவா? அப்படி அறிவிப்போடு நின்றுபோன மென்பொருளுக்கு கம்ப்யூட்டர் உலகம் வைத்த பெயர் அது. கடைசியில் வரும் 'வேவ்', 2009 வாக்கில் புழக்கத்தில் இருந்த சில்வேவ் போன்ற இசை வகைப் பெயர்களின் வால். பெயரை மொழிபெயர்க்காமல், கதையைச் சொல்லிவிட்டு அப்படியே விடுவது நல்லது.

சரி, காதுக்கு வருவோம். 2010ல் டேனியல் லோபட்டின் என்ற அமெரிக்கர், சக் பெர்சன் என்ற புனைபெயரில் 'எக்கோஜாம்ஸ் வால்யூம் 1' என்ற கேசட்டை வெளியிட்டார். மொத்தமே 100 பிரதி. அதற்கு முந்தைய வருடமே இதே மாதிரி ஒரு துண்டை யூடியூபில் போட்டிருந்தார். கிறிஸ் டி பர்க் 1986ல் பாடிப் பெரிய வெற்றி பெற்ற காதல் பாட்டிலிருந்து ஒரே ஒரு வரியை வெட்டி, வேகத்தைக் குறைத்து, எதிரொலி சேர்த்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டிருப்பார். கீறல் விழுந்த ரெக்கார்டைப் பதிவு செய்து, செல் இறங்கிய டேப்பில் ஓடவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. முதலில் சிரிப்பு வரும். பத்தாவது சுற்றில், கூட்டமான பார்ட்டியில் தனியாக நிற்கிற மாதிரி ஆகிவிடும்.

வேகம் குறைப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சுருதி மாறாமல் தாளத்தை மட்டும் மெதுவாக்க இன்றைய மென்பொருளால் முடியும். அது இங்கே உதவாது. டேப் மெதுவாகச் சுற்றினால் சுருதியும் சேர்ந்து இறங்குமே, அதுதான் வேண்டும். ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் ஒரு பாட்டின் வேகத்தை 100லிருந்து 84க்குக் குறைத்துப் பாருங்கள். நான்கு நிமிடப் பாட்டு நாலே முக்கால் நிமிடம் ஓடும். ஐந்தரைக் கட்டையில் பாடிய பெண் குரல் நான்கு கட்டைக்கு, அதாவது ஹார்மோனியத்தில் கறுப்பும் வெள்ளையுமாக எண்ணினால் மூன்று சாவி கீழே, இறங்கிவிடும். ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத குரல் வரும். அன்று பெரியப்பா கேட்ட, 'ஃப்ளோரல் ஷாப்' ஆல்பத்தின் 'லிசா ஃப்ராங்க் 420' அப்படித்தான் பிறந்தது. அதன் அடியில் இருப்பது டயானா ராஸ் 1984ல் பாடிய 'இட்ஸ் யுவர் மூவ்'.

அப்படியானால் மெதுவாக்கிய பாட்டெல்லாம் வேப்பர்வேவா? ராஜா பாட்டு, ரஹ்மான் பாட்டு என்று எதை எடுத்தாலும் இன்று ஒரு 'ஸ்லோட் அண்ட் ரிவெர்ப்' வடிவம் யூடியூபில் இருக்கிறது. ராத்திரி ஓஸூர் ரோட்டில் டிராஃபிக்கில் நிற்கும்போது நானும் கேட்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ரசிகர்கள் முழுப் பாட்டையும் அப்படியே இழுத்துக் கேட்பது. வெட்டு இல்லை, சுழற்சி இல்லை. இந்த மெதுவாக்கும் வித்தைக்கே மூத்தவர் ஒருவர் உண்டு. 1990களில் ஹூஸ்டனில் ராப் பாட்டுகளை மெதுவாக்கி கேசட் கேசட்டாகக் கொடுத்த டிஜே ஸ்க்ரூ. அவர் பெயர் இல்லாமல் வேப்பர்வேவ் வரலாறு எழுதுவது அநியாயம்.

எதிர்த்திசையிலும் தவறு நடக்கிறது. 'வேப்பர்வேவ் என்றால் பழைய பாட்டை மெதுவாக்கியது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் ஜேம்ஸ் ஃபெராரோவை எங்கே வைப்பது? 2011ல் வந்த அவருடைய 'ஃபார் சைட் வர்ச்சுவல்' பளிச்சென்று, சுறுசுறுப்பாக, கம்ப்யூட்டர் திறக்கும்போது வரும் ஓசை மாதிரி இருக்கும். ரிங்டோன்களாக வெளியிடத்தான் முதலில் எண்ணியிருந்தாராம். அந்த ஆண்டின் சிறந்த ஆல்பமாக 'தி வயர்' பத்திரிகை தேர்ந்தெடுத்தது அதைத்தான். செயின்ட் பெப்சியின் 2013 ஆல்பம் 'ஹிட் வைப்ஸ்' துள்ளி ஆட வைக்கும். அந்தக் கிளைக்கு ஃப்யூச்சர் ஃபங்க் என்று தனிப் பெயரே உண்டு. அதனால் வரையறையில் 'பெரும்பாலும்' என்ற சொல்லுக்கு வெட்கப்படாமல் இடம் கொடுங்கள்.

சின்த்வேவோடு குழப்புவது தனிக் கதை. இரண்டிலும் ஊதா வானம் இருப்பதால் வரும் வினை. சின்த்வேவ்காரர்கள் சின்தசைசரில் புதிதாக வாசிக்கிறார்கள், 1980களின் சினிமா இசை மாதிரி. கவின்ஸ்கியின் 2010 பாட்டு 'நைட்கால்' நல்ல உதாரணம். (பெயரைப் பார்த்து நம்ம ஊர்ப் பையன் என்று நினைக்க வேண்டாம், பிரெஞ்சுக்காரர்.) வேப்பர்வேவ் பெரும்பாலும் கிடைத்த சரக்கை வெட்டி ஒட்டுகிறது.

ஜப்பானிய எழுத்தைப் பார்த்து இதை ஜப்பான் இசை என்று எழுதுகிறவர்களும் உண்டு. 'ஃப்ளோரல் ஷாப்' 2011 டிசம்பரில் வந்தது. அட்டையில் இருக்கும் பெயர் மேகின்டாஷ் பிளஸ், செய்தவர் வெக்ட்ராய்ட் என்ற அமெரிக்கர். லேசர்டிஸ்க் விஷன்ஸ் என்ற பெயரில் வந்ததும் அவரேதான். பெயர்களை எண்ணி 'பத்துப் பேர் கொண்ட இயக்கம்' என்று எழுதிவிட்டால், பாதி பேர் ஒரே ஆளாக இருப்பார்.

'இது முதலாளித்துவத்தை எதிர்க்கும் இசை' என்று அடித்துச் சொல்வதையும் தவிர்க்கலாம். 2012ல் ஆடம் ஹார்ப்பர் என்ற விமர்சகர் எழுதிய கட்டுரைதான் இந்தப் பார்வையைப் பரப்பியது. அவரே கூட இது கிண்டலா சரணாகதியா என்பதைத் திறந்தேதான் விட்டிருந்தார். அதே மாதிரி 'பால்ய ஏக்கம்' என்ற சொல்லை அப்படியே இறக்குமதி செய்யாதீர்கள். டச்சுக்காரரான கேட் சிஸ்டம் கார்ப்பின் 'பாம் மால்', 2014ல் வந்தது, வெறிச்சோடிய மாலில் எங்கோ ஒலிக்கும் இசை மாதிரி கேட்கும். அங்கே மால் பழைய நினைவு. நமக்கு? கோரமங்களாவில் ஃபோரம் மால் 2004ல்தான் திறந்தது. எஸ்கலேட்டரில் கால் வைக்கப் பயந்து பெரியம்மா கீழேயே நின்றது இன்னும் நினைவிருக்கிறது. நம் காதுக்கு அந்த இடத்தில் வரக்கூடியது தூர்தர்ஷனின் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' நேரத்து இசையாக இருக்கலாம்.

அப்புறம், 'இதெல்லாம் நாம் அப்போதே செய்துவிட்டோம்' என்ற பெருமை. மும்பையில் சரண்ஜித் சிங் 1982லேயே ரோலண்ட் 303, 808 என்ற மின்னணு இசைக் கருவிகளில் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்தார். 2010ல் அது மறுவெளியீடானபோது ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசையின் தந்தை என்றார்கள். கேட்க அதிசயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சிகாகோவில் அந்த இசையை உருவாக்கியவர்கள் இதைக் கேட்டு எழுந்தவர்கள் இல்லை. முன்னால் வந்தது வேறு, விதை போட்டது வேறு.

இவ்வளவையும் யோசித்து ஒரு வரி தயார் செய்துகொண்டு அடுத்த ஞாயிறு போனேன்: "பழைய பாட்டு, விளம்பர இசை இதிலேருந்து துண்டு துண்டா எடுத்து, பெரும்பாலும் மெதுவாக்கி, சுழலவிட்டு, 2010 வாக்குல இணையத்துல வளர்ந்த இசை, பெரியப்பா."

பெரியப்பா பரணிலிருந்து டேப்பை இறக்கி வைத்திருந்தார். உள்ளே பழைய செல். பட்டனை அழுத்தியதும் டி.எம்.எஸ். பாதாளத்திலிருந்து பாடினார்.

"அப்ப இது?"

"இது செல் தீர்ந்தது பெரியப்பா. அவங்க வேணும்னே செய்யறாங்க."

"நானும் வேணும்னேதான் செல்லை மாத்தாம வெச்சிருக்கேன்" என்றார்.